சேலத்தில் அரசவை நாடகம் போட விரும்புவோருக்கு: பிரதி முதல் கணக்கு முடிக்கும் வரை

அரியணைப் போட்டி, அமைச்சரின் சூழ்ச்சி, உடன்பிறந்தவரின் பகை, கடைசி மூச்சுவரை அரசனை விட்டு அகலாத ஒரு தளபதி என்று அரசவைக் கதைகளை வாசித்தும் பார்த்தும் பழகியவர்களுக்கு, அப்படி ஒன்றை ஊர்ப் பண்டிகையிலோ கல்லூரி விழாவிலோ சங்க ஆண்டுவிழாவிலோ தாங்களே மேடையேற்றிப் பார்க்கும் ஆசை ஒருநாள் வந்துவிடும். சேலத்தில் முதன்முறையாக அதில் இறங்குபவருக்கு, எங்கே போய் எதைக் கேட்பது என்று முழுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அரங்கத்தில் கேட்டால் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். காவல் நிலையத்தில் இடத்துக்காரரின் கடிதம் எங்கே என்பார்கள். இடத்துக்காரரோ காவல்துறை அனுமதி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பார். இந்தச் சுற்றில் அலைந்து தேறியவன் என்ற முறையில், வேலைகளை எந்த வரிசையில் செய்தால் அலைச்சலும் செலவும் குறையும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தொழில்முறைக் குழுக்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. பிரதி கையில் இல்லாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்

பெரும்பாலான புதுக்குழுக்கள் முதலில் அரங்கத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு கதை தேடுகின்றன. இது தலைகீழ். எத்தனை பாத்திரம், எத்தனை காட்சி, எத்தனை உடை, எத்தனை ஒலிவாங்கி என்பதையெல்லாம் பிரதிதான் தீர்மானிக்கிறது என்பதால், அது முடியாதவரை நீங்கள் போடும் எந்தச் செலவுக் கணக்கும் நிற்காது.

முதல் நாடகத்துக்குப் பேசும் பாத்திரங்கள் பத்துக்குள் அடங்குவது நல்லது. அரசவை என்றதும் ஐம்பது பேர் நிற்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஈட்டி பிடித்த இரண்டு காவலரும் ஒரு கட்டியக்காரனும் இருந்தாலே பார்வையாளர் அவையை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். போர்க்களத்தை மேடைக்குக் கொண்டுவர முயலாமல், போர்ச் செய்தியோடு ஓடிவரும் தூதனைக் கொண்டு வாருங்கள். அரண்மனை, தோட்டம், சிறை, பாசறை என்று இடம் மாறிக்கொண்டே போகும் பிரதிகள், வாசிக்கும்போது விறுவிறுப்பாக இருந்தாலும், மேடையில் திரை இறங்கி ஏறும் நேரத்திலேயே செத்துப்போகின்றன. இரண்டு இடம் போதும். மூன்றாவது இடம் தேவைப்பட்டால் முன்திரைக்கு முன்னால் நடத்திக்கொள்ளலாம், அந்த நேரத்தில் பின்னால் மேடையையும் மாற்றிவிடலாம்.

கதையில் கவனிக்க வேண்டியது, துரோகம் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளில் தங்கியிருக்கிறதா என்பது. முத்திரை மோதிரம் கைமாறுவது, ஓலை மாற்றி வைக்கப்படுவது, கோட்டைக் கதவின் சாவி காணாமல் போவது போன்ற ஒன்று இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கதை புரியும். வெறும் பேச்சிலேயே நடக்கும் காட்டிக்கொடுப்பு மண்டபத்தின் இரைச்சலில் காணாமல் போகும். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தை இந்த நோக்கில் ஒருமுறை வாசியுங்கள். பாண்டியன் சீவகன் தன் அமைச்சன் குடிலனை முழுதாக நம்புகிறான். அந்தக் குடிலனோ கோட்டையிலிருந்து வெளியேறும் சுரங்க வழியை அறிந்துகொண்டு, பகைவனான சேரன் புருடோத்தமனிடம் அதைச் சொல்லப் போகிறான். சேரன் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக அவனுக்கு விலங்கு பூட்டி, அதே சுரங்கத்தின் வழியாக இழுத்துவருகிறான். சூழ்ச்சி முழுவதும் ஒரு சுரங்க வாயிலில் நிற்பதால் மேடையில் அதைக் காட்டுவதற்கு ஒரு மரக்கதவு போதும். ஐந்து அங்கம், இருபது களம் கொண்ட செய்யுள் நாடகம் அது. புதியவர்கள் அப்படியே நடிக்க முடியாது. தேவையான களங்களை மட்டும் எடுத்து உரைநடை வசனமாக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஏன் இல்லை என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

2. பிரதியின் உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1964இல் மறைந்த ஒருவரின் படைப்பு 2024 டிசம்பர் 31உடன் பொதுவுடைமையாகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மனோன்மணீயம் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கும் உரிமைத் தொகை தர வேண்டியதில்லை. ஆனால் மூல நூல் பொதுவுடைமையாக இருந்தாலும், அதை வேறொருவர் நாடகமாக்கி வைத்திருந்தால் அந்த நாடகப் பிரதிக்குத் தனி உரிமை உண்டு என்பது பலருக்கும் தெரிவதில்லை. நாவல் நாட்டுடைமைதானே என்று சொல்லி, யாரோ எழுதிய நாடக வடிவத்தை ஒளிநகல் எடுத்துப் பயன்படுத்துவது இந்த வேலையில் மிகப் பரவலான பொறி.

எழுத்தாளர் உயிருடன் இருந்தால், அல்லது வாரிசுகளிடம் உரிமை இருந்தால், கையொப்பமிட்ட கடிதமோ ஒப்பந்தமோ அவசியம். தொலைபேசியில் “தாராளமாப் போடுங்க” என்று அவர் சொன்னது நாளைக்கு உதவாது. ஒப்பந்தத்தில் எத்தனை முறை நடத்தலாம், எந்த ஊரில் நடத்தலாம், எந்தத் தேதிவரை செல்லும், எவ்வளவு தொகை என்பவை இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தாளர்கள் இதை அறிந்தே வைத்திருக்கிறார்கள், ஆகவே நீங்களே முன்வந்து எழுதிக் கொடுத்தால் தொகையும் குறையும். காட்சிகளை வெட்டவும் சேர்க்கவும் இசைவு உண்டு என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் படைப்பைச் சிதைத்ததாக எழுத்தாளர் ஆட்சேபிக்கும் உரிமை தனியாக நிற்கிறது. நாடகத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது மேடை உரிமைக்குள் அடங்காது. அதற்கும் தனியாக ஒரு வரி வேண்டும்.

கட்டணம் வாங்காத பார்வையாளருக்கு அமெச்சூர் குழு நடத்தும் நாடகத்துக்கும், பள்ளி கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் தம் பெற்றோர் முன்னிலையில் நடத்தும் நாடகத்துக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கில் நிற்பவர்கள்கூட எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவதே முறை என்பது என் கருத்து.

இசையிலும் இதே சிக்கல் உண்டு. சினிமாப் பின்னணி இசையை அப்படியே ஒலிக்கவிட்டால் உரிமச் சங்கங்கள் கட்டணம் கேட்கலாம். ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் வைத்துக்கொண்டு நேரடியாக வாசிக்கும் இரண்டு கலைஞர்கள் கிடைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை, அரசவைக்கு அதுவே பொருத்தமும்கூட.

3. யாரைத் துரோகியாக்குகிறீர்கள் என்பதை யோசியுங்கள்

கற்பனை அரசவை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். உண்மை வரலாற்றைத் தொடுபவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது சங்ககிரிக் கோட்டையில். தாரமங்கலத்தை மையமாக வைத்து ஆண்ட கெட்டி முதலிகளின் பெயர் அங்குள்ள கைலாசநாதர் கோவிலோடு இன்றும் பேசப்படுகிறது. இவர்களைப் பற்றிய நாடகத்தில் விசுவாசியாகக் காட்டப்படுபவரின் சாதியையும் ஊரையும் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. காட்டிக்கொடுத்தவரின் சாதியையும் ஊரையும் பற்றி ஒத்திகையின்போதே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

எனவே துரோகிக்குப் பதவியை மட்டும் கொடுங்கள்: அமைச்சர், கோட்டைக் காவல் தலைவர், ஓலை நாயகம் (அரச ஓலைகளைக் கவனிப்பவர்). சாதி அடையாளம் காட்டும் நாமமோ, பட்டமோ, பேச்சுவழக்கோ வேண்டாம். அவருக்கு ஊர்ப்பெயர் வைப்பதாக இருந்தால், அந்த ஊர்க்காரர்கள் பார்க்க வரும் தூரத்தில் உள்ள ஊராக இருக்கக் கூடாது. பிரதியின் முதல் பக்கத்தில் எது வரலாறு, எது கற்பனை என்று நான்கு வரி எழுதி, அதையே நாடகம் தொடங்குமுன் கட்டியக்காரன் வாயால் சொல்லவும் வைத்துவிடுங்கள். பிரிவினரிடையே பகை மூட்டியதாக ஒருவர் புகார் கொடுத்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு வரை பேச்சுப் போகும். நாடகம் நடக்கும் வாரத்தில் அதைச் சந்திக்கும் தெம்பு எந்தப் புதுக்குழுவுக்கும் இருக்காது.

4. பாத்திரத் தேர்வில் ராஜபார்ட்டைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

குழுவில் பணம் போடுபவரோ மூத்தவரோ அரசன் வேடத்தைக் கேட்பது வழக்கம், கொடுத்துவிட்டும் போகலாம். இவ்வகை நாடகத்தில் அரசன் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறான், நம்புகிறான், ஏமாறுகிறான். கதையை இழுத்துக்கொண்டு போவது அமைச்சன்தான். அரசனிடம் ஒரு முகம், கூட்டாளியிடம் ஒரு முகம், தனித்திருக்கையில் ஒரு முகம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டத் தெரிந்தவரை, அதாவது குழுவின் மிகச் சிறந்த நடிகரை, முதலில் அந்த வேடத்துக்குப் பிடித்துவையுங்கள். முதல் காட்சியிலேயே புருவத்தை நெரித்துக் கரகரத்த குரலில் பேசும் அமைச்சனைப் பார்த்தால், இவனை நம்பிய அரசன் மடையன் என்றுதான் பார்வையாளருக்குத் தோன்றும். அவன் உண்மையிலேயே உதவியாளனாக, இனிமையானவனாக, நாட்டுக்கு வேண்டியவனாக ஒரு முழுக் காட்சி நடமாட வேண்டும். அவனுடைய குறை நியாயமானது என்று அவையில் பாதிப்பேர் நினைக்க வேண்டும்.

விசுவாசி வேடம் இதைவிடக் கடினமானது. எந்தச் சலனமும் இல்லாமல் “மன்னர் வாழ்க” என்று நிற்பவனை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அரசன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும், எதிரியிடமிருந்து நல்ல விலை வந்தும், தன் குடும்பம் பாதிக்கப்பட்டும் அவன் ஏன் விலகவில்லை என்பதற்குப் பிரதியில் ஒரு காட்சியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். அரசனுக்கு விசுவாசம், அரியணைக்கு விசுவாசம், நாட்டு மக்களுக்கு விசுவாசம் என்று மூன்று பேரிடம் மூன்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டால், கெட்டவன் என்று ஒருவனும் இல்லாமலேயே அவைக்குள் மோதல் பிறக்கும். நான் பார்த்தவரை நன்றாக அமைந்த அமெச்சூர் நாடகங்கள் எல்லாம் இப்படி எழுதப்பட்டவைதாம்.

வாரிசுச் சண்டைக் கதையில் சிறுவயது இளவரசன் கட்டாயம் வருவான். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கட்டண நிகழ்ச்சியில் நடிக்க வைப்பதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. பள்ளி விழாவில் நடிப்பதற்கு இது பொருந்தாது. எப்படியிருந்தாலும் பெற்றோரின் இசைவுக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் வசனம் தெரிந்த மாற்றாள் ஒருவர் வேண்டும். கல்யாணம், மாற்றல், காய்ச்சல் என்று மூன்று மாதத்தில் யாராவது ஒருவர் கழன்றுகொள்வது நிச்சயம்.

5. தேதி குறிக்கும்போது நாட்காட்டியோடு உட்காருங்கள்

தை, மாசி இரண்டும் சேலத்துக்குத் தோதான மாதங்கள். மழை இல்லை, வெயில் ஏறவில்லை. மார்ச், ஏப்ரலில் அரசுப் பொதுத்தேர்வுகள் நடப்பதால் ஒலிபெருக்கி அனுமதியில் கெடுபிடி இருக்கும். ஐப்பசியில் திறந்தவெளி மேடை போடுவது சூதாட்டம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்ளும், கையிலிருக்கும் அனுமதியைக்கூட மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஆடி மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரின் அத்தனை மாரியம்மன் கோவில்களிலும் பண்டிகை. குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அதாவது வேடம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் ஊர்வலம். கூட்டம் தானாகத் திரளும் என்பதால் ஆடியில் நாடகம் போடத் தோன்றும். ஆனால் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டுபவர்கள் கிரீடம், கவசம், பட்டாடை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவதால் வாடகை உடைக்கடையில் உங்களுக்கு மிஞ்சுவது நிறம் போன அங்கிகள்தாம். ஒப்பனைக்காரரும் கிடைக்க மாட்டார். ஆடியில்தான் வேண்டும் என்றால் சித்திரையிலேயே அச்சாரம் கொடுத்துவிடுங்கள்.

பிரதி முடிந்த நாளிலிருந்து மேடைக்கு மூன்று மாதம் வையுங்கள். அரங்கப் பதிவு இரண்டு மாதம் முன்பும், அனுமதி விண்ணப்பங்கள் ஒரு மாதம் முன்பும், உடை அளவு பார்ப்பது பதினைந்து நாள் முன்பும் நடக்க வேண்டும்.

6. இடமும் அனுமதிக் கோப்பும்

மூடிய அரங்கமா, திறந்தவெளியா என்பதைப் பொறுத்து மொத்தக் கோப்பும் மாறும். முதல் நாடகத்துக்கு மூடிய அரங்கத்தையே பரிந்துரைப்பேன். மாநகராட்சியின் பல்நோக்கு அரங்கங்கள் கோட்டையிலும் தொங்கும் பூங்கா வளாகத்திலும் உள்ளன. தனியார் கல்யாண மண்டபங்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாடகையைக் குறைத்துக் கொடுக்கும். பதிவு செய்யுமுன் மேடையின் அகல ஆழத்தை நீங்களே அளந்து பாருங்கள். கல்யாண மேடைகள் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கும். அரியணையைப் பின்னால் வைத்தால் முன்னே வாள் வீச இடம் இருக்காது. இருபுறமும் நடிகர் மறைந்து நிற்க இடம் உண்டா, மின்சாரம் எத்தனை கிலோவாட் தாங்கும், ஜெனரேட்டருக்கான டீசல் யார் கணக்கு, முந்தைய நாள் மாலை ஒத்திகைக்குக் கொடுப்பார்களா என்பவற்றைக் கேட்டு, பதிலை ரசீதின் பின்புறத்திலாவது எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, நிகழ்ச்சியன்று காலை ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு கேட்ட மண்டபத்தில் மாட்டியிருக்கிறேன்.

காவல்துறைக்குப் போகுமுன், இடம் எந்த எல்லையில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையரின் கீழுள்ள நிலையங்கள். ஓமலூர், தாரமங்கலம், சங்ககிரி, ஏற்காடு பக்கம் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழுள்ளவை. விண்ணப்பத்துடன் அமைப்பாளரின் ஆதார் நகல், இடத்துக்காரரின் ஒப்புதல் கடிதம், நிகழ்ச்சி நிரல், எதிர்பார்க்கும் கூட்டம், வாகனம் நிறுத்த ஏற்பாடு, ஒலிபெருக்கி எண்ணிக்கை, ஒரு பக்கக் கதைச் சுருக்கம் ஆகியவற்றை இணைத்து இரண்டு படியாகக் கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சுற்றுக்கு மருந்து இதுதான்: இடத்துக்காரரிடம் “காவல்துறை அனுமதிக்கு உட்பட்டு இடம் தர இசைகிறேன்” என்ற ஒரு வரிக் கடிதம் கேளுங்கள். பொறுப்பு தன்மேல் விழவில்லை என்று தெரிந்தால் அவர் தயங்காமல் எழுதித் தருவார். காவல் நிலையத்துக்கும் அது போதும்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து ஒப்புதல் பெறச் சொன்ன 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்றது. அதனால் முழுப் பிரதியைக் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கதைச் சுருக்கத்தை நாமே கொடுத்துவிட்டால் வீண் சந்தேகம் வருவதில்லை. நான்கு வரி எழுதுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. மூடிய அரங்கத்துக்குள் ஒலி வெளியே போகாமல் நடத்த விதியில் இடம் உண்டு, திறந்தவெளிக்கு இல்லை. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசிடம் உள்ளது, அதை நம்பி நீங்கள் நேரம் குறிக்காதீர்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஆகவே திறந்தவெளி நாடகம் மாலை 6.30க்குத் தொடங்கி 9.15க்கு முடியும்படி அமைய வேண்டும். வரவேற்புரை, பொன்னாடை, பிரமுகர் பேச்சு எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட, துரோகம் அம்பலமாகும் கடைசிக் காட்சியில் மைக்கை நிறுத்தச் சொல்லிக் காவலர் வந்து நிற்பது இங்கே அடிக்கடி நடப்பது. பேச்சையெல்லாம் இடைவேளைக்குத் தள்ளுங்கள். விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த 10 மணிக் கணக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், என்ன செய்வது.

கோவில் இடமென்றால் அறநிலையத் துறைச் செயல் அலுவலரின் கடிதம், பந்தல் போட்டால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, வெளியில் மின்சாரம் எடுத்தால் மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு, தெருவில் பேனர் கட்டினால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி.

7. உடை, படுதா, ஆயுதம்

அரசனுக்கும் அமைச்சனுக்கும் மட்டும் வாடகை உடை எடுத்து, மற்றவர்களுக்குத் தைத்துக்கொள்வது சிக்கனம். சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளையில் சரிகைக்கரைச் சேலைகள் மலிவாகக் கிடைக்கும். ஒரு சேலையில் ஒரு பிரபுவுக்கு மேலங்கியும் கச்சையும் எடுக்கலாம். கிரீடமும் கவசமும் அட்டையில் செய்பவர்கள் பசைக்குக் கிழங்கு மாவைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, அட்டையும் விறைப்பாக நிற்கும். வெள்ளி வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் உறவினர் இருக்கிறார், உண்மையான வெள்ளி நகையே தருகிறார் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கவரிங் போதும், நகைக்குக் காவல் இருக்க ஆள் இல்லை.

வாடகைக்கடையில் எடுக்கும்போது கிழிசல், கறை, கழன்ற மணி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம்பிடித்துக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். திருப்பும்போது வைப்புத்தொகையில் பிடித்தம் செய்வது பெரும்பாலும் நாம் செய்யாத சேதத்துக்குத்தான்.

வாள் மரத்திலோ அட்டையிலோ இருக்கட்டும். பழைய வீட்டு வாள் ஒன்று இருக்கிறது என்று கொண்டுவரும் ஆர்வலர்கள் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கூர் ஆயுதங்கள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருபவை என்பது ஒருபுறம். ஒத்திகை குறைந்த கைகளில் அது என்ன செய்யும் என்பது இன்னொரு புறம். குதிரையில் அரசன் வரும் யோசனையையும் விட்டுவிடுங்கள், விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்தப் பதிவு தேவை.

ஒலிவாங்கியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். அரசவை நாடகத்தின் உயிர் காதோடு காதாகப் பேசும் சதியிலும் தனிமொழியிலும் இருக்கிறது. மேடையின் முன்னால் மூன்று ஸ்டாண்டு மைக் வைத்தால் சதிகாரர்கள் இருவரும் மைக்குக்கு முன்னால் வந்து வரிசையாக நின்று பார்வையாளரிடம் சதி செய்வார்கள். அமைச்சன், அரசன், தளபதி, அரசி நால்வருக்காவது காலர் மைக் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தொங்கும் மைக் போதும்.

8. செலவு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் தொகை எழுதுவதில் பயனில்லை, பங்கீட்டைச் சொல்கிறேன். ஒலி, ஒளி, உடை, ஒப்பனை நான்கும் சேர்ந்து பாதிச் செலவைத் தாண்டும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது ஒத்திகைக் காலத்து டீ, டிபன், ஆட்டோச் செலவை; மூன்று மாதத்தில் அது அரங்க வாடகையை எட்டிப்பிடிக்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கைவைக்காமல் ஒதுக்குங்கள். எந்த விலைப்புள்ளியிலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள். ஏற்று இறக்குக் கூலியும் அப்படியே.

நுழைவுக் கட்டணம் வைப்பதானால், ஆளுக்கு 500 ரூபாய் வரை நாடகத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் கட்டணம் வைத்த நொடியில் அமெச்சூர் குழுவுக்கான பதிப்புரிமை விலக்கு போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். முதல் நாடகத்தை இலவசமாக நடத்தி, நன்கொடைக்கு ரசீது கொடுத்து வசூலிப்பதே எளிது.

9. ஏற்காட்டில் நடத்துவதாக இருந்தால்

மலையில் மூடுபனிக்கு நடுவே அரசவை நாடகம் என்ற யோசனை அழகாகத்தான் இருக்கும். சேலம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். படுதாக்கழியும் அரியணையும் ஏற்றிய வண்டி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை வண்டிக்காரரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். கழற்றி மாட்டும் அரியணையே மலைக்கு ஏற்றது. கனமழையில் மண் சரிந்து பாதை மூடப்படுவது உண்டு, அப்போது குப்பனூர் வழிதான். மே மாதக் கோடை விழாவின்போது தனியாக நிகழ்ச்சி நடத்த அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. திறந்தவெளி என்று நீங்கள் நினைக்கும் இடம் வனத்துறையுடையதாக இருக்கலாம், பள்ளியின் அமைதி மண்டலத்துக்குள்ளும் வரலாம். ஆகவே நில உரிமையை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு ஈரத்தில் அட்டைக் கிரீடம் தொய்ந்துவிடும், வண்ணம் அடித்த பிறகு மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அவசியம்.

10. கடைசி வாரமும் மறுநாளும்

உடையோடு முழு ஒத்திகை குறைந்தது இரண்டு முறை வேண்டும். கிரீடம் வைத்துக்கொண்டு குனிய முடியாது என்பதை நடிகர்கள் அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள். ஓலை, மோதிரம், சாவி போன்ற கதைப் பொருட்களுக்கு ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு படி செய்துவைக்கச் சொல்லுங்கள். மோதிரத்தை ஒப்பனை அறையில் மறந்துவிட்டு வரும் அமைச்சன் எதைக் கொண்டு துரோகம் செய்வான்? மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்ட் செய்பவர் கையில் பக்க எண் போட்ட பிரதியும் டார்ச்சும் இருக்கட்டும்.

அனுமதிக் கடிதங்கள், அரங்க ரசீது, பதிப்புரிமை ஒப்பந்தம் மூன்றின் நகலும் நிகழ்ச்சியன்று வாசலில் நிற்பவரிடம் ஒரு தொகுப்பு, மேடைக்குப் பின்னால் ஒரு தொகுப்பு என இருக்க வேண்டும். கேள்வி வரும்போது அமைப்பாளர் பெரும்பாலும் ஒப்பனையில் இருப்பார்.

மறுநாள் காலையிலேயே உடைகளைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாள் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை ஏறிவிடும். அரங்க வைப்புத்தொகையைத் திரும்பப் பெற அசல் ரசீதும், மின்கட்டணம் பார்த்த குறிப்பும், சங்கத்தின் பெயரில் பதிவு செய்திருந்தால் சங்க வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். தனிநபர் பெயரில் கட்டிவிட்டுச் சங்கக் கணக்குக்குத் திருப்பிக் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். வரவு செலவை ரசீதுகளோடு ஒரு வாரத்துக்குள் குழுவின் முன் வைத்து எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி, எழுத்தாளருக்குத் தர வேண்டிய மீதித் தொகையை நாடக நோட்டீஸ் ஒன்றோடும் சில படங்களோடும் அனுப்பிவிடுங்கள்.